பில்லில் மூன்று எண்கள்: கார் பிலிம் ஒட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கோவை, மதுரை, திருச்சி, நெல்லை என மற்ற ஊர்களிலும் கார் ஆக்சசரீஸ் கடை நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கடை வாசலில் தண்ணீர் ஸ்பிரேயும் ஹீட் கன்னுமாக நாள் முழுக்கக் குனிந்து நின்று வேலை பார்க்கிற ஒட்டுநர்களுக்கும் வணக்கம்.

தமிழில் கறுப்புக் கண்ணாடிக்குக் கூலிங் கிளாஸ் என்று பெயர். அது கண்ணுக்குத் தருவது நிழல். பெயரில் குளிர்ச்சி எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அதே பெயர் காருக்கும் வந்து கூலிங் பேப்பர் ஆனது. சித்திரை வெயிலில் உங்கள் கடைக்கு வருகிறவர், "உள்ள உட்கார முடியல, நல்லா டார்க்கா ஒட்டிடுங்க" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இருட்டும் குளிர்ச்சியும் ஒன்று என்று அவர் பேசும் மொழியே அவருக்குச் சொல்லித்தந்திருக்கிறது. ஆனால் ரோலைப் பிரித்துப் பார்த்து, வெட்டி, ஒட்டி, மூன்று வருடம் கழித்து அது ஊதா நிறமாக வெளுத்துத் திரும்பி வருவதையும் பார்க்கிற உங்களுக்கு அது ஒன்றல்ல என்று தெரியும். அதனால்தான் இந்த மடல் கார் வைத்திருப்பவர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது. கேட்பது சிறிய விஷயம். இனி ஒட்டும் ஒவ்வொரு காருக்கும் பில்லில் மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள்: ஒட்டுவதற்கு முன் கண்ணாடி எத்தனை சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட்டது, ஒட்டிய பிறகு எத்தனை சதவீதம் விடுகிறது, அந்தப் பிலிம் சூரியனின் மொத்த ஆற்றலில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறது. ஏன் இந்த மூன்று, ஏன் நீங்கள் எழுத வேண்டும் என்பதை விளக்கவே இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில் வெயிலைப் பிரித்துப் பார்ப்போம். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் புற ஊதாக் கதிர் மிகச் சிறிய பங்கு, சுமார் 5 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் ஒளி 43 சதவீதம் அளவில் இருக்கும். மீதி, அதாவது பாதிக்கும் சற்று மேலே, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். பிலிமின் கறுப்பு காட்டுவது நடுவில் உள்ள அந்த ஒளியை எவ்வளவு குறைத்தது என்பதை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத பாதியை அந்தப் பிலிம் என்ன செய்கிறது என்பதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. சாயம் ஏற்றிய மலிவுப் பிலிம் ஒளியை விழுங்குகிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதியைப் போகவிடுகிறது. விழுங்கியதும் மறைந்துபோவதில்லை. கண்ணாடியைச் சூடாக்கி, அதில் ஒரு பங்கு மறுபடியும் உள்ளே வருகிறது. மொட்டை மாடிச் சூடு இறங்க வேண்டும் என்று வெள்ளையடிக்கிற நாம், காருக்கு மட்டும் கறுப்பைக் குளிர்ச்சி என்று நம்புவது விசித்திரம்தான்.

ஒரு உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். கண்ணாடியின் சொந்தப் பங்கை விட்டுவிட்டுப் பிலிமை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு பிலிமும் புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுப்பதாகவும், தடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு சூடாக உள்ளே திரும்பி வருவதாகவும் வைத்துக்கொள்வோம். முதலாவது இருண்ட சாயப் பிலிம்: ஒளியில் 80 சதவீதத்தையும் அகச்சிவப்பில் 10 சதவீதத்தையும் நிறுத்துகிறது. புற ஊதாவின் 5, ஒளியின் 34, அகச்சிவப்பின் 5, ஆக மொத்தம் 44 சொச்சம். உள்ளே திரும்பியதைக் கழித்தால் நிகரமாகத் தடுத்தது 30. இரண்டாவது வெளிர் நிறச் செராமிக் பிலிம்: ஒளியில் 30 சதவீதத்தையும் அகச்சிவப்பில் 85 சதவீதத்தையும் நிறுத்துகிறது. 5, 13, 44 என்று கூட்டினால் 62, கழித்தால் 41. ஒட்டியதே தெரியாத பிலிம், உள்ளே ஆள் தெரியாத பிலிமைவிடக் கூடுதலாக வெப்பத்தைத் தடுக்கிறது. ரோலுக்கு ரோல் இந்த எண்கள் மாறும். ஆனால் நிறத்தைப் பார்த்துக் குளிர்ச்சியைக் கணிக்க முடியாது என்பது மாறாது. அதனால்தான் மூன்றாவது எண்ணைக் கேட்கிறேன். தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் டிஎஸ்இஆர் என்று இருப்பது அதுதான். நல்ல கம்பெனிகள் எல்லாமே அதைத் தருகின்றன. விவரத் தாளே இல்லாத ரோலைக் கடைக்குள் ஏன் விட வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

இந்த இடத்தில் பல கடைகளில் மேஜை மேல் இருக்கும் அந்த விளக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரு சட்டத்தில் பிலிம் ஒட்டிய கண்ணாடி. பின்னால் சிவப்பாக எரியும் ஹீட் லாம்ப். முன்னால் வாடிக்கையாளரின் உள்ளங்கை. பிலிம் இல்லாத கண்ணாடி வழியே கை சுடுகிறது; பிலிம் வந்ததும் சுடவில்லை. பத்து விநாடியில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த விளக்கு சூரியன் அல்ல. அது உமிழ்வதில் பெரும்பகுதி அகச்சிவப்புதான். அதை விழுங்கும் எந்தப் பிலிமும் முதல் பத்து விநாடிக்கு வீரனாகத்தான் தெரியும். விளக்கை ஐந்து நிமிடம் எரியவிட்டு, பிலிம் பக்கம் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கிய வெப்பம் அங்கே காத்திருக்கும். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 'ஐஆர் 95 சதவீதம்' என்பதும் இதே ரகம். சில தயாரிப்புகளில் அந்த எண் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கும். முழு அகச்சிவப்புக்கும் அளந்ததாகவே இருந்தாலும் அது வெயிலின் பாதிக்கு மட்டும் உரிய கணக்கு. 95 சதவீத வெப்பம் போய்விடும் என்று வாங்குகிறவர் புரிந்துகொண்டால், அந்தப் புரிதலைத் திருத்தாமல் காசு வாங்குவது நியாயமில்லை.

அடுத்து முதல் இரண்டு எண்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-வது விதிப்படி முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தையும் விட வேண்டும். இதைக் கேட்டதும் பக்கத்துக்கு '50 பிலிம்' ஒட்டினால் சரி என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. ரோலில் எழுதியிருக்கும் விஎல்டி, அதாவது வெளிச்சம் விடும் சதவீதம், பிலிமுக்கு மட்டும் உரியது. காரின் கண்ணாடியோ கம்பெனியிலிருந்தே லேசான பச்சைச் சாயலோடு, ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டும் சேரும்போது பெருக்க வேண்டும். கண்ணாடி 75 விடுகிறது, பிலிம் 50 விடுகிறது என்றால், கிடைப்பது 37.5. அது விதிக்கு வெகு கீழே. அதே கண்ணாடியில் 70 பிலிம் ஒட்டினால் 52.5, தப்பித்தது. முன் கண்ணாடிக் கணக்கு இன்னும் இறுக்கம். 78 விடும் கண்ணாடியில் 90 பிலிம் ஒட்டினால் 70.2, மயிரிழையில் நிற்கும். 75 விடும் கண்ணாடியில் அதே பிலிம் 67.5 ஆகி விதியை மீறிவிடும். ஒரே ரோல், ஒரே ஒட்டுநர், இரண்டு கார். ஒன்று சரி, ஒன்று தவறு. இதை ரோலைப் பார்த்தோ கண்ணால் பார்த்தோ சொல்ல முடியாது. அந்தந்தக் காரின் கண்ணாடியில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்து, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்துதான் சொல்ல முடியும்.

"பிலிமே ஒட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்ட பிறகு இந்த அளவெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. விதி பேசுவது அந்த அளவில் தயாரிக்கப்பட்ட கண்ணாடியைப் பற்றி. அதன் மேல் பிறகு ஒட்டும் பிலிமை, அது எத்தனை சதவீதமாக இருந்தாலும், விதி அனுமதிக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தடை அந்த ஆண்டு மே 4 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. பிறகு விதியே மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் 100-வது விதியில் சேஃப்டி கிளாஸோடு 'சேஃப்டி கிளேசிங்' என்ற சொல்லும் சேர்ந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் அதில் அடங்கும். இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 என்ற அளவுகளைக் காப்பாற்றும் பிலிமுக்கு அபராதம் போட முடியாது என்றது. ஆனால் அது ஒரு மாநிலத்தின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் அதை மேற்கோளாகக் காட்டலாம். அது இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வழியில் நிறுத்தும் போக்குவரத்துக் காவலர் 2012-ஐச் சொன்னால் வாடிக்கையாளர் வாதாட வேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரையும், மறுமுறைக்கு 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. இந்த நிலவரத்தை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் ஒட்டுறாங்க" என்பது சட்ட ஆலோசனை ஆகாது. அதோடு, மாறிய விதியும் கேரளத் தீர்ப்பும் பிலிமுக்குத் திறந்துவிட்டது ஒரு சிறு வாசல். அதன் நிலைப்படியே அந்த 70, 50 எண்கள்தான். அளக்காமல் ஒட்டிய பிலிமுக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டவும் வழியில்லை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டாலும் அந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பாதி போனால் கண் அதைக் கண்டுகொள்வதில்லை. மிச்சம் தாராளமாக இருக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு கதை வேறு. தெருவிளக்கு இல்லாத புறவழிச் சாலையில், பின் விளக்கு இல்லாத சைக்கிளும் கறுப்புச் சேலையில் சாலையைக் கடக்கும் பெண்ணும் படுத்திருக்கும் மாடும் கண்ணுக்குக் காட்டும் வேறுபாடே கொஞ்சம்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கைப் பிலிம் தின்றுவிட்டால், ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. இடது பக்கம் திரும்பும்போது சைடு மிரரைப் பார்ப்பதும் அதே பக்கக் கண்ணாடி வழியாகத்தான். மழை நாளில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகும். வெளியே நிற்பவரையும் மறக்க வேண்டாம். நம் சாலைகளில் கடந்துபோகிறவர் சிக்னலைவிட ஓட்டுநரின் முகத்தைத்தான் நம்புகிறார். அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கிறார். முகத்தை மறைக்கும் கண்ணாடி அந்தச் சின்ன உடன்பாட்டைக் கெடுத்துவிடுகிறது.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, கேட்கிறவரே இருட்டாகத்தான் கேட்கிறார், நான் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது. போகக்கூடும். ஆனால் அவர் கேட்பது உண்மையில் குளிர்ச்சியை. கடையில் நின்று அவரால் தானாகச் சோதிக்க முடிந்தது நிறம் ஒன்றைத்தான் என்பதால் நிறத்தைக் கேட்கிறார். அரிசி வாங்குகிறவர் கையில் அள்ளிப் பார்க்கிறார். துணி வாங்குகிறவர் தடவிப் பார்க்கிறார். அகச்சிவப்பை யாரும் அள்ளிப் பார்க்க முடியாது. வாங்குகிறவரால் சோதிக்க முடியாத சரக்கில் விற்கிறவரின் எழுத்துதான் ஒரே ஆதாரம். மேலும், இருட்டை எந்தக் கடையும் மலிவாக விற்கலாம். அதில் போட்டி விலையில் மட்டும்தான். எண்களை எழுதித் தரும் கடைக்கு விலையைத் தாண்டி ஒரு பெயர் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு அந்தரங்கமும் பெண்களின் பாதுகாப்பும். இரவில் தனியாக ஓட்டிப்போகிற பெண், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதையே பாதுகாப்பாக உணரலாம். அந்த உணர்வைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2012 தீர்ப்பில் எடைபோடப்பட்ட காரணங்களில் முக்கியமானதே, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரியாமல் போகின்றன என்பதுதான். காருக்குள் அகப்பட்டவருக்கு உதவி வர வேண்டுமென்றால் வெளியே இருப்பவர் பார்க்க முடிய வேண்டும். தவிர, 50 சதவீதம் விடும் பக்கக் கண்ணாடியே பகலில் கணிசமான மறைப்பைத் தருகிறது; வெளியே வெளிச்சம் மிகுதியாக இருக்கும்போது கண்ணாடியின் பிரதிபலிப்பு உள்ளே இருப்பதை மங்கச் செய்துவிடும். மூன்றாவது மறுப்பு, பெரிய மனிதர்களின் கார்கள் கறுப்பாகத்தானே ஓடுகின்றன என்பது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பு விலக்குக்கு இடம் வைத்தது. மற்றவர்கள் ஓட்டினால் அது மீறல். அவர்களைப் பிடிக்காதது காவல்துறையின் குறை; நீங்கள் ஒட்டுவதற்கு உரிமம் அல்ல.

நான்காவது, தோல் நலம். வெயில் பட்டால் தோல் பாதிக்கும், அதனால் இருண்ட பிலிம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கவலை உண்மை, மருந்துதான் தவறு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு 29 கார்களை அளந்தபோது, முன் கண்ணாடிகள் புற ஊதா ஏ கதிரில் சராசரியாக 96 சதவீதத்தைத் தாமாகவே தடுத்தன. பக்கக் கண்ணாடிகள் சராசரியாக 71 சதவீதம்தான் தடுத்தன. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த லேமினேட்டட் ரகம் என்பது அதற்குக் காரணம். ஆக, குறை இருப்பது பக்கத்தில். அதைத் தீர்க்க, பார்வைக்குத் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும் பிலிமே போதும். புற ஊதாவைத் தடுக்கும் சேர்மத்துக்கு நிறம் தேவையில்லை. 99 சதவீதம் தடுக்கும் தெளிவான பிலிம்கள் சந்தையில் கிடைக்கின்றன. கைக்குழந்தையோடு பின் சீட்டில் உட்காரும் தாய்க்கு நீங்கள் காட்ட வேண்டிய ரோல் அதுதான்.

ஐந்தாவது மறுப்பு விலை. நல்ல செராமிக் பிலிம் சாயப் பிலிமைப்போலப் பல மடங்கு விலை, எல்லோராலும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். முடியாதவருக்கு உண்மையான மாற்று, மலிவான இருட்டு அல்ல. வெயில் நேராக விழும் இரண்டு பக்கக் கண்ணாடிக்கு மட்டும் நல்லதை ஒட்டலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது முன் கண்ணாடிக்குள் வெள்ளித் தகடு போன்ற சன் ஷேடை விரிக்கச் சொல்லலாம். கண்ணாடிகளிலேயே பெரியதும், பிலிமுக்கு ஏறக்குறைய இடமே இல்லாததும் முன் கண்ணாடிதான் என்பதால் அந்தச் சில நூறு ரூபாய்ச் சாமான் நிறையவே செய்யும். கிளம்பும்போது கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் ஏறும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். பிலிம் அதைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. பிலிம் ஒட்டியிருக்கிறதே என்று யாரும் குழந்தையைக் காருக்குள் விட்டுப் போய்விடக் கூடாது. இதை உங்கள் வாயால் கேட்டால் நினைவில் நிற்கும்.

கடைசியாக ஒட்டுநர்களின் கைவேலை. பின் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் டீஃபாகர். அதன் மேல் கத்தியை அழுத்தி ஒரு கீறல் விழுந்தால், ஒரு கோடு செத்துவிடும். மழைக்காலத்தில் பனி படியும்வரை யாருக்கும் தெரியாது. கதவுக்குள் இறங்கும் ஸ்பிரே தண்ணீர் பவர் விண்டோ சுவிட்சைக் கெடுக்கும். ஒரு பழைய துண்டைச் செருகி வைத்தால் போதும். பீடிங்குக்குள் ஒளிந்திருக்கும் தூசியைத் துடைக்காமல் ஒட்டினால் பிலிமின் கீழ் விளிம்பு முழுக்க மணல் தூவியது போலத் தெரியும். உலோகம் கலந்த பிலிம் ஃபாஸ்டேக்கையும் ஜிபிஎஸ்ஸையும் தடுமாற வைக்கும். முன் கண்ணாடி மேல் பக்கம் கேமரா இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஒட்டிய பிறகு தெரியும் சின்ன நீர்க்குமிழிகள் காய்ந்து போய்விடும், மூன்று நான்கு நாள் கண்ணாடியை இறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினால் பாதிச் சண்டை குறையும். விளிம்பில் விரல் போல எழும் மடிப்பு காய்ந்தாலும் போகாது. அதை அன்றைக்கே பிரித்து மறுபடி ஒட்டுவதுதான் நேர்மை. இத்தனை நுணுக்கம் தெரிந்த கைகளுக்கு ஒரு மீட்டரை வைத்து எண்ணைப் படிப்பது பெரிய காரியமில்லை. மீட்டர் கடைக்கு ஒருமுறைச் செலவு. தினம் பிரிக்கும் ரோல்களோடு ஒப்பிட்டால் அது கணக்கில் வராது.

ஆகவே, வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன். ஒட்டும் முன் அளந்தது, ஒட்டிய பின் அளந்தது, மொத்த வெப்பத் தடுப்பு: இந்த மூன்றையும் பிலிமின் பெயரோடு பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெருக்கிப் பார்க்கும்போதே ஒட்டிய பின் அளவு பக்கத்துக்கு 50-க்கும் முன் பின் கண்ணாடிக்கு 70-க்கும் கீழே வருமென்றால், எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒட்டாதீர்கள். நகை வாங்கினால் தூய்மையும் எடையும் பில்லில் வருகின்றன. அவற்றை எழுதிக் கொடுப்பது ஒரு காலத்தில் கடைக்காரரின் நாணயம் என்று கருதப்பட்டது. இன்று அவை இல்லாத பில்லை யாரும் மதிப்பதில்லை. கார் பிலிமுக்கும் அந்த வழக்கத்தை நீங்கள் தொடங்கி வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கு வரப்போகும் கார்க்காரர்களில் ஒருவன்